ஒரே பெஞ்சில் இரண்டு ராணிகள்

1936 ஜனவரி 6, திங்கள்

படம் எழுதுகிறவர் மதராஸிலிருந்து வந்து சேர்ந்தார். பெயர் ஜீவரத்தினம். ரத்தினம் பெயரோடு சரி. ஆள் சட்டைக் கைமடிப்பு முழுக்க வண்ணம் பூசிக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினார், இறங்கும்போதே படியில் தடுக்கினார். தடுக்கிய மனிதர் என்னைப் பார்த்து, "நீங்கதான் ராணியா?" என்று கேட்டார். வெள்ளைப் புடவையும் கையில் கத்தரிக்கோலுமாக நின்றவளைப் பார்த்து இப்படிக் கேட்டால் கண்பார்வை எந்த லட்சணம் என்று தெரிந்துகொள்ளலாம்.

மாறன்குறிச்சி மகாராஜாவுக்குச் சித்திரையில் அறுபது நிறைகிறது. மணிவிழாவுக்குள் இரண்டு ராணியம்மாக்களையும் ஒரே பெஞ்சில் உட்கார்த்தி ஒரே படமாக எழுதிப் புது மண்டபத்தில் மாட்ட வேண்டும். பெரிய ராணியம்மாவும் சின்ன ராணியம்மாவும் பேசிக்கொண்டு ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரு பலாப்பழத்தைப் பங்குவைத்ததில் வந்த மனஸ்தாபம். அன்றிலிருந்து அரண்மனையில் ஒருவருக்குக் கிழக்குக் கட்டு, ஒருவருக்கு மேற்குக் கட்டு. படத்திலாவது பக்கத்தில் பக்கத்தில் உட்காரட்டும் என்று மகாராஜா காரியஸ்தரிடம் சொல்லிப் பெருமூச்சு விட்டாராம்.

நான் இங்கே தையல் டீச்சராக வந்து இரண்டு வருஷம். படத்துக்கான ரவிக்கைகள் இரண்டிலும் பூவேலை என்னுடையது. பெரியவருக்குக் கைநுனியில் மயில், சின்னவருக்கு மல்லிகைக்கொடி. புடவை அரக்கு ஒன்று, கிளிப்பச்சை ஒன்று. மகாராஜா பட்டுத் தெளிந்தவர் ஆகையால், சரிகைக் கரை இரண்டுக்கும் ஒரே அகலம் இருக்க வேண்டும் என்று நெசவுக்காரரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பணம் கொடுத்தார்.

படம் முடிந்தால் என் வேலையும் முடிந்தது. சின்ன ராணியம்மாவுக்கு இப்போது கிராமபோன் பெட்டியில் ஆசை வந்துவிட்டது. பெரியவருக்கு ஊசி கோக்கக் கண் தெரியவில்லை. நான் ஊர் போய்ச் சேர வேண்டியதுதான். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

ஜனவரி 9, வியாழன்

ராணியம்மாக்கள் அந்நிய ஆண்பிள்ளை முன்னால் வரமாட்டார்கள். முகத்துக்கு மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா எடுத்த போட்டோ இருக்கிறது. உடுப்புக்கு என்ன செய்வது? அதற்கென்று ஜீவரத்தினம் ஆளுயர மரப்பொம்மை ஒன்று கொண்டுவந்திருந்தார். கை கால் மடங்கும். முகம் மட்டும் வழுவழுவென்று மொட்டை. அதற்குப் பெரிய ராணியம்மாவின் அரக்குப் புடவையையும் மயில் ரவிக்கையையும் கட்டிவிட்டு அவர் சாப்பிடப் போனார்.

அந்த நேரம் பார்த்து கிழக்குக் கட்டு வேலைக்காரி ஒருத்தி கதவைத் திறந்தாள். முகமில்லாத ஒருத்தி பெரிய ராணியம்மா புடவையில் உட்கார்ந்திருந்தால் அவள்தான் என்ன நினைப்பாள்? மேற்குக் கட்டிலிருந்து செய்வினை வைத்துவிட்டார்கள் என்று கூப்பாடு. பூசாரி வந்தார், தேங்காய் உடைந்தது, எலுமிச்சம்பழம் நறுக்கினார்கள். புடவையை மட்டும் மரியாதையாகக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் பொம்மையைத் தெப்பக்குளத்தில் போட்டார்கள்.

மரம் ஆயிற்றே, முங்குமா? வானத்தைப் பார்த்தபடி மிதக்கிறது. குளத்தில் யாரும் குளிக்கவில்லை.

ஜனவரி 11, சனி

பொம்மைக்குப் பதில் நான். காரியஸ்தர் உத்தரவு. காலையில் அரக்குப் புடவை கட்டிப் பெஞ்சின் இடது பக்கம், மத்தியானம் பச்சைப் புடவை கட்டி வலது பக்கம். காலையில் பெரிய ராணி, மத்தியானம் சின்ன ராணி, சாயந்திரம் பழையபடி தயாமணி டீச்சர்.

ஜீவரத்தினம் பேசுகிற ரகமில்லை. சட்டைப் பையில் முறுக்கு வைத்துக்கொண்டு, படம் எழுதும்போதே நொறுக்குகிறார். என் இடது புறங்கையில் இருக்கிற தழும்பைப் பார்த்து அது என்ன என்று கேட்டார். பிஷப் அம்மாளின் கவுனுக்கு இஸ்திரி போடும்போது பெட்டி சுட்டது, பத்து வருஷம் ஆகிறது என்றேன். மாங்காய் வடிவத்தில் இருக்கிறது என்றார். ராணியம்மா கையில் மாங்காய் வந்துவிடப் போகிறது, பார்த்து எழுதுங்கள் என்றேன். அது தெரியாதா எனக்கு என்றார்.

ஜனவரி 20, திங்கள்

ரவிக்கைக் கையில் மயில் எழுதியிருக்கிறார். பார்த்தேன். அடைகாக்கிற கோழி. நான் பத்து நாள் கண்ணைக் கெடுத்துத் தைத்த மயிலை இவர் பத்து நிமிஷத்தில் கோழியாக்கிவிட்டார். சொல்லியும் விட்டேன். மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. "நூல் எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியாம எழுதினா இப்படித்தான் ஆகும். எனக்குத் தைக்கச் சொல்லித் தாங்க" என்றார்.

நாளையிலிருந்து சாயந்திரம் அரைமணி நேரம் பாடம். மண்டபத்துக் கதவு திறந்திருக்கும், காவல்காரர் வாசலில் இருப்பார். இதில் ஒன்றுமில்லை.

ஜனவரி 25, சனி

இங்கிலாந்தில் சக்கரவர்த்தி காலமாகிவிட்டார். அரண்மனையில் மூன்று நாள் துக்கம் முடிந்தது. ஜீவரத்தினம் மட்டும் இன்னும் துக்கத்தில் இருக்கிறார், தூரிகையைத் தொடவில்லை. அவருக்குச் சக்கரவர்த்தி மேல் இத்தனை பக்தி என்று எனக்குத் தெரியாது. சங்கிலித் தையல் வந்துவிட்டது. மீன்முள் தையல் வரவில்லை. விரலைக் குத்திக்கொண்டதுதான் மிச்சம். பூர்வீகம் சாயர்புரமாம். மனைவி இறந்து ஏழு வருஷமாம், பிள்ளைகள் இல்லையாம். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னது.

ஜனவரி 31, வெள்ளி

யாக்கோபு அண்ணன் பாளையங்கோட்டையிலிருந்து நேரில் வந்தான். எனக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறான். மாசிலாமணி உபதேசியார், சபையில் வேதம் போதிக்கிறவர். மனைவியை இழந்தவர், மூன்று பிள்ளைகள், நல்ல சுபாவம், சொந்த ஹார்மோனியம் இருக்கிறது. போட்டோவைக் கையில் கொடுத்தான். நல்ல முகம்தான், காது மட்டும் கொஞ்சம் முன்னாலே வந்துவிட்டது.

நான் யோசிக்க வேண்டும் என்றேன். அண்ணனுக்கு வந்ததே கோபம். "முப்பத்தி மூணு வயசுல ஆண்டவரே சிலுவைக்குப் போயிட்டாரு. நீ இன்னும் கலியாணத்துக்குப் போகல" என்றான். வேதத்தை வைத்து வாயடைப்பதில் எங்கள் அண்ணனை மிஞ்ச ஆளில்லை.

சாம்பல் புதனுக்கு முன்னால் முடித்துவிட வேண்டுமாம். அது பிப்ரவரி இருபத்தாறாம் தேதி. அதற்குப் பிறகு லெந்து என்கிற உபவாச நாட்கள், ஈஸ்டர் வரை எங்கள் சபையில் கலியாணம் கிடையாது. படம் எப்போது முடியும் என்று அண்ணன் ஜீவரத்தினத்திடமே போய்க் கேட்டான். அவர் முறுக்கை வாயில் வைத்துக்கொண்டே, பத்து நாளில் முடியும் என்றார்.

அப்படியானால் சரி. எனக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லை. படம் முடிந்ததும் வருகிறேன் என்று அண்ணனிடம் வாக்குக் கொடுத்தேன். மயிலைக் கோழி என்றெல்லாம் சொன்னவளுக்கு இன்று பேச்சே வரவில்லை, தலைவலி.

பிப்ரவரி 3, திங்கள்

ஜீவரத்தினம் சாப்பிடப் போகும் நேரங்களில் ராணியம்மாக்கள் தனித்தனியாக வந்து படத்தைப் பார்ப்பது வழக்கம். முற்பகல் பெரியவர், பிற்பகல் சின்னவர். இருவருடைய உத்தரவையும் அவரிடம் சொல்வது நான், அவர் பதிலைப் போய்ச் சொல்வதும் நான்.

இன்று பெரிய ராணியம்மா வந்து முகத்தைப் பார்த்தார், மூக்குத்தியைப் பார்த்தார், திருப்திதான். கிளம்புகிற நேரம். நான் சும்மா பேச்சுவாக்கில், சின்ன ராணியம்மா புடவையில் மடிப்பு விழாததால் கரை கொஞ்சம் எடுப்பாகத் தெரிகிறது என்று சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அது உண்மையும்கூட. பொய் சொல்லாதிருப்பாயாக என்பது கட்டளை, உண்மையைச் சொல்லாதிருப்பாயாக என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

பெரிய ராணியம்மா கிளம்பவில்லை. கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி, படத்தின் மேல் விரலை வைத்து அளந்து பார்த்தார்.

பிப்ரவரி 5, புதன்

படத்தில் பெரிய ராணியம்மாவின் கரை ஒரு விரல் அகலத்திலிருந்து இரண்டு விரல் ஆகிவிட்டது.

பிப்ரவரி 7, வெள்ளி

பெரியவர் கரை எவ்வளவு என்று சின்ன ராணியம்மா கேட்டார், நான் சொன்னேன். கேட்கும்போது சொல்லாமல் இருக்க முடியுமா? சின்ன ராணியம்மாவின் கரை இரண்டரை விரல்.

பிப்ரவரி 10, திங்கள்

பெரிய ராணியம்மாவின் கரை மூன்று விரல். அன்னப்பட்சி வரிசையும் வேண்டுமாம்.

பிப்ரவரி 12, புதன்

சின்ன ராணியம்மாவுக்கு அன்னப்பட்சியும் யானையும்.

பிப்ரவரி 17, திங்கள்

ஜீவரத்தினத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. கரையைக் கூட்டினால் மடிப்பெல்லாம் அழித்து எழுத வேண்டும், மடிப்பு மாறினால் நான் மறுபடி கட்டி உட்கார வேண்டும். ஆனால் மனிதர் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. ராணியம்மா உத்தரவு என்று நான் போய் நின்றால், "ரொம்ப நல்லது" என்று சொல்லிச் சுரண்டுகிற கத்தியை எடுக்கிறார். உழைப்பாளிக்குக்கூட வேலையில் இத்தனை சந்தோஷம் இருந்து நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். பெஞ்சின் மெத்தையைப் போன வாரமே முடித்திருந்தார். இன்று பார்த்தால் மெத்தை இருந்த இடம் வெறும் துணி. ஈரம் பட்டுக் கெட்டுவிட்டதாம். மழையா பெய்தது?

அண்ணனுக்குச் சொல்லியனுப்பினேன், படம் தாமதமாகிறது, என்ன செய்வது, அரண்மனை வேலை.

பிப்ரவரி 26, சாம்பல் புதன்

லெந்து தொடங்கிவிட்டது. இனி ஈஸ்டர் வரை கலியாணப் பேச்சு இல்லை. சபையின் ஒழுங்கு, அதை மீற நான் யார்?

ஜெபம் முடித்துவிட்டுப் பாமாலை பாடிக்கொண்டே பச்சைப் புடவையை மடித்தேன். துக்க நாளில் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடுகிறீர்களே என்று ஜீவரத்தினம் கேட்டார். அப்புறம்தான் கவனித்தேன்.

மார்ச் 1, ஞாயிறு

லெந்து நாட்களில் ஏதாவது ஒன்றை விட்டுவிட வேண்டும். நான் காப்பியை விட்டிருக்கிறேன். ஜீவரத்தினம் முறுக்கை விட்டாராம். படம் எழுதும்போது வாய் சும்மா இருப்பதால் இப்போது பேசுகிறார். முறுக்கே தேவலை என்று சொல்ல மாட்டேன்.

மார்ச் 9, திங்கள்

மீன்முள் தையல் வந்துவிட்டது. தானே ஒரு கைக்குட்டையில் மயில் தைத்து என்னிடம் கொடுத்தார். மயிலுக்குக் கால் மூன்று இருக்கிறது. ஒன்று தோகையாம். எதையாவது துடைக்க உதவும் என்று வேதப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

படத்து மயில் இப்போது நிஜ மயில். நூலின் ஏற்ற இறக்கம்கூடத் தெரிகிறது. தொட்டுப் பார்த்தேன், விரலில் நீலம் ஒட்டிக்கொண்டது. அவர் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது, வந்திருக்க வேண்டும்.

மார்ச் 20, வெள்ளி

மகாராஜா இன்று படத்தைப் பார்க்க வந்துவிட்டார். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. அரக்கும் இல்லை, பச்சையும் இல்லை. முழங்காலுக்கு மேல் ஒரு விரல் அரக்கு, தோளில் ஒரு கீற்றுப் பச்சை, மற்றதெல்லாம் சரிகை. அன்னம், யானை, யாளி, நடுவில் எங்கிருந்தோ வந்த ஒரு தேர். மஞ்சள் வண்ணம் தீர்ந்து மதராஸுக்கு இரண்டு முறை ஆள் போய் வந்தாயிற்று.

மகாராஜா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ப் பார்த்தார். "ஓய், ரெண்டு பேரையும் தங்கத்தகட்டுல பொட்டலம் கட்டி வச்சிருக்கீரே. எம் பொஞ்சாதிமாரு எங்க?" என்று கேட்டார். ஜீவரத்தினம் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

ஈஸ்டருக்குள் படம் முடிய வேண்டும். முடியாவிட்டால் இவரை அனுப்பிவிட்டு, மதுரையில் நாடகத்துக்குத் திரை எழுதுகிற ஆளைக் கூட்டிவந்து முடிக்கச் சொல்வார்களாம். காரியஸ்தர் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 21, சனி

காப்பி குடித்துவிட்டேன். ஆண்டவர் மன்னிக்கட்டும்.

மார்ச் 23, திங்கள்

கரையைக் குறைக்க வேண்டும். நானே போய்ப் பெரிய ராணியம்மாவிடம், கரை சின்னதாக இருந்தால்தான் ரவிக்கை மயில் எடுபடும் என்றேன். அப்படியா, மேற்குக் கட்டில் குறைத்துவிட்டார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அவள் குறைக்கட்டும், நான் பார்க்கிறேன் என்றார். சின்னவரிடம் போனேன். அவரும் அதே வார்த்தை, ஒரு எழுத்து மாறவில்லை.

நெருப்பு வைப்பது சுலபம், அணைக்கிறவனுக்குத்தான் கை சுடும் என்பார்கள். நான் நெருப்பு வைத்தேன் என்று சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னேன்.

மார்ச் 28, சனி

ஜீவரத்தினம் பெட்டியைத் திறந்து வைத்திருக்கிறார். சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். மதுரை ஆள் வந்தால் மயிலை என்ன செய்வானோ என்றார். யாளி ஆக்கிவிடுவான் என்றேன். இருவரும் சிரித்தோம், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். காவல்காரர் இருமினார். நாசமாய்ப்போன இருமல்.

பயமாக இருக்கிறது. எதற்கென்று எழுத எனக்கு நேரமில்லை, புடவைகளுக்கு வெயில் காட்ட வேண்டும்.

ஏப்ரல் 2, வியாழன்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மத்தியானம் ஜீவரத்தினம் சாப்பிடப் போன நேரம். கிழக்குக் கதவு வழியாகப் பெரிய ராணியம்மா வந்தார், இடுப்பில் அளவு நாடா. அதே நேரம் மேற்குக் கதவு வழியாகச் சின்ன ராணியம்மா வந்தார், கையில் கிராமபோன் வந்த பார்சலில் கட்டியிருந்த நூல் கயிறு. நான் சொன்ன அளவில் சந்தேகம் வந்து இருவரும் தாங்களே அளந்து பார்க்க வந்திருக்கிறார்கள்.

ஒன்பது வருஷம் கழித்து நேருக்கு நேர். நான் தூண் பக்கம் ஒதுங்கினேன். பெரியவர் நாடாவைச் சின்னவர் படத்தின் மேல் வைத்தார். சின்னவர் கயிற்றைப் பெரியவர் படத்தின் மேல் வைத்தார். மேல்முனைக்குப் பெரியவர் கை எட்டவில்லை. சின்னவர் என்ன நினைத்தாரோ, நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தார்.

அளவு நூலிழை பிசகாமல் ஒன்றாக இருந்தது.

"அஞ்சு விரல்தானே இருக்கு. எனக்கு ஆறுன்னு உங்கிட்ட யாரு சொன்னது?" என்று பெரியவர் கேட்டார். ஒன்பது வருஷத்தில் முதல் பேச்சு.

"டீச்சரம்மா சொன்னாக. உங்ககிட்ட?" என்றார் சின்னவர்.

இருவரும் சேர்ந்தாற்போல் தூண் பக்கம் திரும்பினார்கள்.

அரண்மனையில் கோள் சொன்னவளைக் கழுதை மேல் ஏற்றி ஊர்வலம் விட்ட காலமும் உண்டு என்று காவல்காரர் ஒருமுறை சொல்லியிருக்கிறார். பெரிய ராணியம்மா கிட்டே வந்து என் முகத்தையே பார்த்தார். ஊசி கோக்கத்தான் அவருக்குக் கண் தெரியாது.

"படம் முடியக் கூடாதுன்னு உங்களுக்கு என்ன டீச்சரம்மா அவ்வளவு ஆசை?"

கண்ணில் தூசி விழுந்துவிட்டது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்தேன். எந்தக் கைக்குட்டை என்று துடைத்த பிறகுதான் தெரிந்தது. காலையில் அதை வேதப்புத்தகத்திலிருந்து எதற்கு எடுத்தேன் என்று இப்போது நினைவில்லை.

சின்ன ராணியம்மா அதை வாங்கி விரித்துப் பார்த்தார். "அக்கா, இங்க பாருங்க, மூணு கால் மயிலு" என்று பெரியவரிடம் கொடுத்தார். பெரியவர் மயிலைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார்கள். இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மகாராஜா அதைப் பார்த்திருந்தால் படமே வேண்டாம் என்று சொல்லியிருப்பார்.

எனக்கு வெட்கத்தில் உயிரே போயிற்று. போன உயிர் இன்னும் சரியாகத் திரும்பவில்லை.

கரை பழையபடி ஒரு விரல். இருவருக்கும். உத்தரவு.

ஏப்ரல் 4, சனி

உத்தரவை ஜீவரத்தினத்திடம் சொன்னேன். கத்தியை எடுத்துத் தேரையும் யாளியையும் சுரண்டினார். ஒரு வாரத்தில் முடித்துவிடுவேன் என்றார். "ரொம்ப நல்லது" என்று இம்முறை நான் சொன்னேன்.

இனி நான் உட்கார வேண்டியதில்லையாம். மீதியை மனசில் வைத்தே எழுதிவிடுவாராம். படத்துக்கு முன்னால் திரை போட்டுவிட்டார், மணிவிழாவன்றுதான் திறப்பாராம். ராணியம்மாக்களும் எட்டிப் பார்க்க வரவில்லை. கிழக்குக் கட்டில் பல்லாங்குழி ஆடுகிறார்கள்.

ஏப்ரல் 12, ஈஸ்டர்

கிறிஸ்து உயிர்த்தெழுந்தார். படம் முடிந்தது. அண்ணன் சொல்லியனுப்பியிருக்கிறான், மணிவிழாவுக்கு மாசிலாமணி உபதேசியாரையும் கூட்டிக்கொண்டு வருகிறானாம், அப்படியே என்னை அழைத்துக்கொண்டு போவானாம். என் பெட்டியைக் கட்டிவிட்டேன். இரண்டு வருஷத்துச் சாமான் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிட்டது.

ஜீவரத்தினம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. லெந்து முடிந்துவிட்டது, மறுபடி முறுக்கு.

எனக்கு அழுகையாக வந்தது. எழுதிவிட்டேன். எழுதியதை அடிக்கப் போவதில்லை.

ஏப்ரல் 16, வியாழன்

மணிவிழா. மகாராஜாவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு ராணியம்மாக்கள் மணையில் உட்கார்ந்தார்கள். தாலி கட்டி முடிந்ததும் புது மண்டபத்தில் கூட்டம். ராணியம்மாக்கள் தட்டிக்குப் பின்னால். நான் பானகம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணனும் உபதேசியாரும் முன் வரிசையில். காது போட்டோவில் இருந்த அளவுக்கு இல்லை, நல்ல மனிதர். டம்ளரை வாங்கும்போது எழுந்து நின்று வாங்கினார்.

திரையை இழுத்தார்கள்.

நான் முதலில் ரவிக்கையைத்தான் பார்த்தேன். மயில் தோகையை மடித்துக்கொண்டு பெரிய ராணியம்மா கையில் உட்கார்ந்திருக்கிறது. மல்லிகைக்கொடியைப் பறித்துத் தலையில் வைத்துக்கொள்ளலாம். சரிகை ஒரு விரல். முகங்கள் இரண்டும் அப்படியே அவர்கள்தான். கூட்டம் ஆஹா என்றது. மகாராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் அவர் கிட்டே போய்க் குனிந்தார். பெரிய ராணியம்மாவின் கையைப் பார்த்தார். நகர்ந்து சின்ன ராணியம்மாவின் கையைப் பார்த்தார்.

"இது எப்பம் வந்துது ரெண்டு பேருக்கும்? சூட்டுத் தழும்பு மாதிரி?"

இரண்டு ராணிகளின் இடது புறங்கையிலும் மாங்காய்.

என் கையில் பானகச் செம்பு. கையை எங்கே ஒளிக்க? முன் வரிசையில் உபதேசியார் படத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். தவறுதலாக வந்துவிட்டதா ஓய் என்று மகாராஜா ஜீவரத்தினத்தைக் கேட்டார்.

ஜீவரத்தினம் எழுந்தார். காலில் பாய் தடுக்கியது. "தவறுதல் இல்லீங்க மகாராஜா. மூணு மாசமா நான் பார்த்த கை அது. வேற கை எனக்கு எழுத வரல" என்றார். பிறகு, அதற்கு மேல் தைரியம் இல்லை என்பதுபோல் உட்கார்ந்துவிட்டார்.

காரியஸ்தர் அதை உடனே அழிக்கச் சொல்லட்டுமா என்று கேட்டார். தட்டிக்குப் பின்னாலிருந்து பெரிய ராணியம்மாவின் குரல் வந்தது. "எங் கையில இருக்கிறதை எதுக்கு அழிக்கணும்? இருக்கட்டும்." உடனே சின்னவர், "எங் கையிலயும் இருக்கட்டும்" என்றார். ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போவதைக் கேட்டு மகாராஜா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு தழும்பாவது ஒன்றாவது.

அண்ணன் முகம் சிவந்து எழுந்தான். உபதேசியார் அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தார். மெதுவாகத்தான் சொன்னார், பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

"யாக்கோபு, அவர் உன் தங்கச்சியை ரெண்டு தடவை எழுதி முடிச்சிட்டாரு. நான் இன்னும் ஒரு தடவைகூடச் சரியாப் பார்க்கல. வா, பந்திக்குப் போவோம்."

போகும்போது எனக்குக் கைகூப்பிவிட்டுப் போனார். அவருக்கு ஆண்டவர் நல்ல பெண்ணாகக் கொடுக்கட்டும். மனசாரச் சொல்கிறேன்.

பந்தி முடிந்து ஜீவரத்தினம் குளத்தங்கரையில் நின்றார். நேரே போய், கரைப் போட்டி தொடங்குவதற்கு முன்னாலேயே படத்தில் சின்னவர் கரை ஏன் எடுப்பாக இருந்தது என்று கேட்டேன். ஒன்றாகத்தானே நெய்திருந்தது?

"ஒரு நூல் கூட்டித்தான் எழுதினேன். யாராவது போய்ச் சொல்லுவாங்கன்னு நெனச்சேன்" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் பங்கையும் சொல்ல வேண்டிவந்திருக்கும்.

ஏப்ரல் 26, ஞாயிறு

பாளையங்கோட்டைக் கோயிலில் எங்கள் கலியாண அறிவிப்புக்கு முதல் ஓலை வாசித்தார்கள். ஜீவரத்தினம், தயாமணி. ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று சபை ஐயர் சொன்னபோது அண்ணன் இருமினான். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வெறும் இருமல்தான்.

ஜூன் 8, திங்கள்

மதராஸில் வெயில் தாங்கவில்லை. ராணியம்மாக்கள் இருவரும் சேர்ந்து ஒரு பலாப்பழம் அனுப்பியிருக்கிறார்கள். சரிபாதியாக வெட்டி, இரண்டு பெட்டியில்.

கலியாணத்துக்குக் கட்டிய நீலப் புடவையில் என்னை உட்காரவைத்து எழுத ஆரம்பித்திருக்கிறார். இம்முறை முகமும் என்னுடையதே. எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன். பத்து நாள் என்றார். கரை எத்தனை விரல் வேண்டும் என்று கேட்டார்.

ஆறு விரல் என்றேன். அன்னப்பட்சியும் யானையும் வேண்டும், தேர் ஒன்று இருந்தாலும் நல்லது என்றேன்.

ரொம்ப நல்லது என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து முறுக்கை எடுத்தார்.